நம்மூர்க்காரர்கள் எடுத்த இரண்டு ஊமைப்படங்கள்



சென்ற மாதம் நம் மொட்டைமாடியில் குழந்தைகளுக்காகப் படம் போட்டபோது நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாதிப் படத்தில் ஸ்பீக்கர் வயர் கழன்றுவிட்டது. ஐந்து நிமிடம் திரையில் ஆட்கள் வாயசைத்தார்கள், சத்தம் வரவில்லை. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். முன்வரிசை நாற்காலியில் இருந்த ஆச்சி ஒருவர் மட்டும் அசராமல், "அந்தக் காலத்துல படமே இப்பிடித்தாம் மக்களே" என்றார். உடனே ஒரு பையன் என் பக்கம் திரும்பி, "தாத்தா, நம்ம ஊர்ல யாராவது அப்படிப் படம் எடுத்திருக்காங்களா?" என்று கேட்டான்.

எடுத்திருக்கிறார்கள். ஒன்றல்ல, இரண்டு. வயரைச் சரிசெய்து படம் மறுபடி ஓடத் தொடங்கியதால் அன்று அவனுக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். சில இடங்களில் நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு சிறு பூகோளம்

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நாம் இருக்கும் இந்த மண் சென்னை மாநிலத்தில் இல்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1949-க்குப் பிறகு சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி. நம் பாட்டன்மாருக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். வழக்கு, படிப்பு, வேலை எல்லாவற்றுக்கும் அங்கேதான் போனார்கள். வீட்டில் தமிழும் கச்சேரியில் மலையாளமும் புழங்கின. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மலையாள சினிமாவின் முதல் இரண்டு படங்களை நம் பக்கத்து ஆட்கள் எப்படி எடுத்தார்கள் என்பது புரியும்.

பல் டாக்டரின் படம்

கன்னியாகுமரி போகிற வழியில் கொட்டாரம் பக்கத்தில் இருக்கிறது அகஸ்தீஸ்வரம். ஜே. சி. டானியலின் ஊர் அது. வசதியான வைத்தியர் குடும்பம். டானியல் படித்துப் பல் வைத்தியரானார். ஆனால் மனம் முழுக்கக் களரியில் இருந்தது. வாள்வீச்சைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். இந்தக் கலையை ஊர் ஊராகக் கொண்டுபோக என்ன வழி என்று யோசித்தவருக்கு அப்போது புதிதாக வந்திருந்த சினிமா கண்ணில் பட்டது.

தொழிலைக் கற்றுக்கொள்ளச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனார். திரும்பி வந்து தன் பங்கு நிலத்தை விற்றார். 1926-இல் திருவனந்தபுரம் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். கேரளத்தின் முதல் ஸ்டூடியோ அது. அங்கே அவர் எடுத்த படம் 'விகதகுமாரன்'. காணாமற்போன பிள்ளை என்று பொருள் கொள்ளலாம். கதை, இயக்கம், தயாரிப்பு எல்லாம் அவரே. நாயகன் வேடமும் அவருக்கே.

அந்த நாளில் இந்தியாவில் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் புராணத்தைத்தான் எடுத்தார்கள். தமிழ்நாட்டின் முதல் ஊமைப்படமாக நடராஜ முதலியார் சென்னையில் எடுத்ததே 'கீசகவதம்'தான். தெரிந்த கதையாக இருந்தால், வசனம் இல்லாவிட்டாலும் சனங்களுக்குப் புரியும். டானியல் அந்தப் பாதுகாப்பை வேண்டாம் என்றார். அவர் எடுத்தது சமகாலக் குடும்பக் கதை. திருவிதாங்கூர்ப் பணக்காரர் ஒருவரின் பிள்ளையை ஒரு வில்லன் இலங்கைக்குக் கடத்திப் போகிறான். பிள்ளை அங்கே தோட்டத்தில் வளர்ந்து பெரியவனாகிறான். உறவுக்காரனான நாயகன் தற்செயலாக இலங்கை போய் அவனோடு நட்பாகிறான். இருவரும் ஊர் திரும்புகிறார்கள். நாயகனுக்கும் அந்தப் பிள்ளையின் தங்கைக்கும் காதல் மலர்கிறது. கடைசியில் உடம்பில் இருக்கும் ஒரு வடுவை வைத்து, இவன்தான் காணாமற்போன மகன் என்று தெரிகிறது.

நம் பகுதியிலிருந்து எத்தனை பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். போய்த் திரும்பாதவர்களும் உண்டு. டானியல் கதையை எங்கிருந்தோ எடுக்கவில்லை.

ரோசி

சிக்கல் நாயகியைத் தேடும்போதே தொடங்கியது. நல்ல குடும்பத்துப் பெண்கள் கேமரா முன்னால் நிற்க மாட்டார்கள் என்ற காலம். பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். பம்பாயிலிருந்து அழைத்து வந்த நடிகையும் சரிப்படவில்லை. கடைசியில் டானியலுக்குக் கிடைத்தவர் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த பி. கே. ரோசி. புலையர் சமூகத்துப் பெண். கூலி வேலை பார்த்துக்கொண்டே காக்காரிசி நாடகத்தில் நடித்து வந்தவர். மலையாள சினிமாவின் முதல் நாயகி அவர்தான்.

அவர் ஏற்ற வேடமோ ஒரு நாயர் குடும்பத்துப் பெண்.

திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் வெளியானது. 1928 நவம்பர் 7 என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 1930 அக்டோபர் 23 என்று இப்போது பலர் ஏற்கிறார்கள். பெயர்பெற்ற வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை தொடங்கி வைத்தார். திரையில் ரோசி வந்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி கொதித்தது. ஒரு தாழ்த்தப்பட்ட பெண் மேல்சாதிப் பெண்ணாக நடிப்பதா என்று கூச்சல் எழுந்தது. நாயகியின் கூந்தலில் இருக்கும் பூவை நாயகன் முத்தமிடுகிற காட்சியில் கல் பறந்தது. திரை கிழிந்தது. ரோசியைத் துரத்தினார்கள். அவருடைய குடிசையும் எரிந்தது.

இங்கே பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்பார்கள். மழுப்பாமல் சொல்லுங்கள். நம் தெற்குத் திருவிதாங்கூரில் மார்பை மறைத்துத் துணி உடுத்தவே பெண்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-இல்தான் அரசாணை வந்தது. எல்லாரும் கோவிலுக்குள் போகலாம் என்ற அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12-இல். ரோசியின் படம் வந்தது அதற்கும் முன்னால். வீதியில் கூட நடக்க விடாத காலத்தில் அவர் திரையில் நடந்தார். அதற்கு ஊர் கொடுத்த கூலி அந்தக் கல்.

ரோசி எங்கே போனார் தெரியுமா? நம் நாகர்கோவிலுக்குத்தான் வந்தார். ஒரு லாரி ஓட்டுநரை மணந்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில், தான் யார் என்று வெளியே காட்டாமல் கடைசி வரை வாழ்ந்தார் என்பதே அவர் வாழ்க்கையைத் தேடிப் போனவர்கள் கண்டது. ஒரு மொழியின் முதல் நடிகை நம் சந்தையில் மீன் வாங்கியிருப்பார், நம் தெருவில் நடந்திருப்பார். யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்கும் வேண்டியிருந்தது.

டானியலின் மீதி வாழ்க்கை

ஆலப்புழை போன்ற வேறு சில ஊர்களில் படம் அமைதியாக ஓடியது. ஆனால் போட்ட பணம் வரவில்லை. கருவிகளை விற்று ஸ்டூடியோவை மூடினார் டானியல். மறுபடி பல் வைத்தியம் பார்க்கப் பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று ஊர் ஊராகப் போனார். முதுமையில் அகஸ்தீஸ்வரத்துக்கே திரும்பினார். கையில் காசில்லை, பார்வையும் சரியில்லை.

நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டுக் கேரள அரசுக்கு விண்ணப்பித்தார். நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், அங்கே கேளுங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. தமிழ்நாட்டுக்கோ அவர் தமிழ்ப்படம் எடுத்தவரல்ல. 1956-இல் போட்ட எல்லைக்கோடு நில வரைபடத்தில் மட்டும் விழவில்லை, இந்த மனிதரின் மேலும் விழுந்தது. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் டானியலைத் தேடிக் கண்டுபிடித்து, மலையாள சினிமாவைத் தொடங்கியவர் இவர்தான் என்று விடாமல் எழுதினார். அந்த எழுத்துக்குப் பலன் கிடைப்பதற்குள், 1975 ஏப்ரலில், டானியல் காலமாகிவிட்டார்.

பிறகு எல்லாம் வந்தது. 1992 முதல் கேரள அரசு திரைத்துறைக்குத் தரும் மிக உயர்ந்த விருதுக்கு அவர் பெயர். 2013-இல் அவர் கதையைச் சொல்லும் 'செல்லுலாய்ட்' என்ற மலையாளப் படம். 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி கூகுள் தன் முகப்பில் ரோசியின் ஓவியத்தை வைத்தது. ஓவியம்தான் வைக்க முடியும். 'விகதகுமாரன்' படத்தின் ஒரு காட்சி கூட இன்று நம்மிடம் இல்லை. வீட்டில் மிச்சமிருந்த படச்சுருளைச் சிறுபிள்ளையாக இருந்தபோது தானே கொளுத்தி விளையாடியதை டானியலின் மகன் ஒருவர் பின்னாளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அது என்ன பொருள் என்று அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை.

இரண்டாவது படம்

டானியலின் உறவினர் ஒருவர் நாகர்கோவிலில் இருந்தார். ஆர். சுந்தர்ராஜ். டானியல் பட்டதை அருகிலிருந்து பார்த்தும் அவர் பின்வாங்கவில்லை. 'ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ்' என்ற பெயரில் 1933-இல் 'மார்த்தாண்ட வர்மா' படத்தைத் தயாரித்தார். இயக்கியவர் பி. வி. ராவ். சி. வி. ராமன் பிள்ளை எழுதி 1891-இல் வெளிவந்த அதே பெயருள்ள நாவல்தான் கதை. நாவலிலிருந்து எடுத்த முதல் மலையாளப் படம் இது.

இந்தக் கதை நடக்கும் இடங்கள் நமக்கு அந்நியமல்ல. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர். சிறைப்பட்டுப் பின் அவருடைய படைத்தலைவராகவே ஆன டிலனாயின் கல்லறையைப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பார்த்திருப்பீர்கள். நாவல் சொல்வது அவர் அரியணை ஏறுவதற்கு முந்தைய கதை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் கொல்லத் தேடும்போது இளவரசர் ஒளிந்து ஒளிந்து தப்புகிறார். அதோடு பின்னியிருக்கிறது அனந்தபத்மநாபன், பாறுக்குட்டி காதல். பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு செத்துவிட்டான் என்று எல்லாரும் நம்பிவிட்ட அனந்தபத்மநாபன், பைத்தியக்காரச் சாணான் வேடத்தில் திரிந்து இளவரசரைக் காப்பாற்றுகிறான். வீட்டில் பாறுக்குட்டி அவன் வருவான் என்று காத்திருக்கிறாள்.

படம் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரிலேயே வெளியானது. இந்த முறை கல் வரவில்லை, வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாவலை வெளியிடும் உரிமை கமலாலயா புக் டிப்போ என்ற பதிப்பகத்திடம் இருந்தது. அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். ஆசிரியர் 1922-லேயே காலமாகியிருந்தாலும் உரிமை உரிமைதானே. நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. படம் நிறுத்தப்பட்டது, பிரதி பதிப்பகத்தின் கைக்குப் போனது. சுந்தர்ராஜ் நொடிந்துபோனார். போதாததற்கு 1931-லேயே 'ஆலம் ஆரா'வும் 'காளிதாஸ்'சும் வந்து படங்கள் பேசத் தொடங்கிவிட்டன. இனி ஊமைப்படத்தை யார் கேட்பார்கள்?

படப்பெட்டி பதிப்பகத்தின் கிடங்கில் நாற்பது வருடம் கிடந்தது. 1974-இல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. அதற்கு முன்னின்றவர் காப்பகத்தை உருவாக்கிய பி. கே. நாயர். சுருளில் ஒரு பகுதி போய்விட்டது. ஆனாலும் பெரும்பகுதி தப்பியது. தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப்படங்களில் இன்று ஓட்டிப் பார்க்கக் கிடைப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். நடராஜ முதலியாரின் படங்களும் இல்லை, டானியலின் படமும் இல்லை. நாகர்கோவில்காரர் எடுத்து, தோற்று, பறிகொடுத்த படம் மட்டும் இருக்கிறது.

எதிரி காப்பாற்றிய படம்

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். வழக்கு மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தப் பிரதி ஊர் ஊராக டூரிங் டாக்கீஸில் ஓடித் தேய்ந்து, கடைசியில் அழிந்திருக்கும். அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட்டில் செய்தது. சட்டென்று தீப்பற்றும். சூட்டிலும் ஈரத்திலும் தானாகவே பிசினாகிப் பொடியும். அதில் வெள்ளி இருப்பதால், ஓடி முடிந்த சுருளை உருக்கி வெள்ளி எடுக்க வாங்கிப் போவார்கள். இந்தியாவில் எடுத்த சுமார் 1,300 ஊமைப்படங்களில் மிகச் சிலவே மிஞ்சியதற்குக் காரணங்கள் இவைதாம். காப்பகத்துக்கு வந்து சேர்ந்தவையும் முழுப் பாதுகாப்பில் இல்லை. 2003 ஜனவரியில் புனேயில் பிடித்த தீயில் பல நைட்ரேட் படங்கள் எரிந்தன.

இதே காலத்தில் எடுத்த வேறு சில இந்திய ஊமைப்படங்களின் கதை நேர்மாறு. ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து பிரான்ஸ் ஆஸ்டன் என்ற இயக்குநர் இந்தியா வந்து, வங்காளத்து ஹிமான்சு ராயோடு சேர்ந்து படங்கள் எடுத்தார். தாஜ்மகாலை வைத்து 1928-இல் 'ஷிராஸ்', மகாபாரதச் சூதாட்டத்தின் சாயலில் 1929-இல் 'பிரபஞ்ச பாஷ்'. இரண்டும் காதல் கதைகள். அரசர்கள் யானையும் குதிரையும் அரண்மனையும் கொடுத்து உதவினார்கள். ஐரோப்பாவில் திரையிட்டார்கள். பிரதிகள் லண்டன் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. 'ஷிராஸ்' 2017-இல் புதுப்பிக்கப்பட்டு, அனுஷ்கா சங்கரின் இசையோடு மறுபடி திரைக்கு வந்தது.

அங்கே காதல் காட்சிக்கு யாரும் கல் எறியவில்லை. காப்பாற்றி வைக்க ஆளும் இடமும் இருந்தன. நம்மவர்களின் படங்களில் ஒன்றைப் பகை அழித்தது, மற்றொன்றை வழக்கு காப்பாற்றியது. வேண்டும் என்று நினைத்து யாரும் எதையும் பத்திரப்படுத்தவில்லை. இந்தக் கதையில் என்னை உறுத்துவது அதுதான்.

நாம் செய்யக் கூடியது

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊர் வீட்டை விற்றுவிட்டு இந்த பிளாட்டுக்கு வந்தபோது, பரணில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டவன் நான். அம்மா எடுத்து வைத்திருந்த கல்யாணப் படங்கள், கடிதங்கள், அப்பாவின் கொழும்பு பாஸ்போர்ட் எல்லாம் அதில் இருந்தன என்று அக்காள் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. கிலோ கணக்கில் கிடைத்த பணம் அன்றைய ஆட்டோ வாடகைக்குக்கூடக் காணவில்லை.

உங்களில் பலரும் இப்படி ஊர் வீட்டைக் காலி செய்துதான் இங்கே வந்திருப்பீர்கள். பிளாட்டில் பரண் சிறிது, பெட்டிக்கு இடமில்லை. பரவாயில்லை. பெட்டி போகட்டும், உள்ளே இருப்பதை ஒருமுறை பாருங்கள். நம் வாலிபர்கள் இருவர் பழைய படங்களையும் தாள்களையும் ஸ்கேன் செய்து தர முன்வந்திருக்கிறார்கள். ஞாயிறு காலை 10 முதல் 12 வரை அசோசியேஷன் அறையில் இருப்பார்கள். அசலை அப்போதே வாங்கிக்கொண்டு போகலாம். பழைய சினிமாக் கொட்டகை நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ யார் வீட்டிலாவது இருந்தால் அவசியம் கொண்டு வாருங்கள்.

விடுமுறையில் பிள்ளைகளை ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் உதயகிரிக் கோட்டைக்கும் அழைத்துப் போங்கள். வேறொரு நாள் கன்னியாகுமரிக்குப் போகும்போது அகஸ்தீஸ்வரம் வழியாகப் போங்கள். இந்த ஊரிலிருந்து ஒருவர் நிலத்தை விற்றுப் படம் எடுத்தார் என்று சொல்லுங்கள். திரும்பி வருகையில் நாகர்கோவில் தெருவைக் காட்டி, ரோசியும் இங்கேதான் இருந்தார் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. வீட்டில் இருக்கும் பழைய குரூப் போட்டோவை எடுத்து, பின்பக்கம் மென்மையாகப் பென்சிலால் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். ஆண்கள் பெயர் எப்படியும் பத்திரத்திலாவது இருக்கும். அதனால் முதலில் பெண்கள் பெயரை எழுதுங்கள். பெயர் சொல்லக் கூடிய ஆச்சிமார் நம் குடியிருப்பில் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஞாயிறே போய்க் கேளுங்கள்.